மூர்வேத்ரை மீட்ட மருமகன்

மார்செய்க்கும் துலோனுக்கும் நடுவே, பிரான்சின் தெற்குக் கடற்கரையில், பாந்தோல் என்ற சிறு துறைமுக ஊர் இருக்கிறது. அந்த ஊரின் பெயரைப் போட்டு ஒரு சிவப்பு ஒயினை விற்க வேண்டுமானால் அதில் பாதியாவது மூர்வேத்ர் என்ற திராட்சையாக இருந்தாக வேண்டும். குறைந்தது 18 மாதம் அது மரப் பீப்பாயில் கிடக்க வேண்டும். பழத்தை இயந்திரம் தொடக்கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும். ஒரு ஹெக்டேரில் 40 ஹெக்டோலிட்டருக்கு மேல், அதாவது 4,000 லிட்டருக்கு மேல் எடுக்கக்கூடாது. எல்லாமே விளைவிப்பவனின் வருமானத்தைக் குறைக்கிற விதிகள். பாரிஸில் உட்கார்ந்திருந்த அதிகாரிகள் யாரும் இவற்றைத் திணிக்கவில்லை. பாந்தோல் விவசாயிகளே கேட்டு வாங்கினார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று கேட்டவர் லூசியன் பெய்ரோ. 1996ல் மறைந்த அவரைப் 'பாந்தோலின் தந்தை' என்று இன்றும் சொல்கிறார்கள்.

நான் காரைக்காலில் பிறந்தவன். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்ததால் துலோனில் வளர்ந்தேன். படிக்கிற காலத்தில் செப்டம்பர் பிறந்தால், இங்கே 'வாந்தாஞ்ச்' என்று சொல்லும் திராட்சை அறுவடைக்கு நண்பர்களோடு கூலிக்குப் போவேன். பெய்ரோ குடும்பத்தின் தோட்டத்தில் நான் வேலை பார்த்ததில்லை. அதற்குச் சற்றுத் தள்ளி வேறொருவருடைய மேட்டு நிலத்தில்தான் கத்தரியும் கூடையுமாக நின்றேன். ஆனால் அங்கேயும் மத்தியானச் சாப்பாட்டின்போது பெரியவர்கள் வாயில் 'லூசியன்' என்ற பெயர் வந்துகொண்டே இருக்கும். இந்தச் சுவரை இப்படிக் கட்டச் சொன்னது லூசியன், இந்தச் செடியை வை என்று எங்கள் அப்பாவை விடாமல் நச்சரித்தது லூசியன் என்பார்கள். தோட்டக்காரர் ஒருவரைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் இத்தனை மரியாதையோடு பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்த மரியாதை எப்படி வந்தது என்று தேடிப் படித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நிலத்தைச் சொல்ல வேண்டும். பாந்தோல் என்பது ஊரின் பெயர் மட்டுமல்ல. பாந்தோல், சானரி, ல காஸ்தெல்லே, லா காதியேர், சேன் சீர், ல போசே, எவனோஸ், ஒல்லியூல் ஆகிய 8 ஊர்களின் நிலம் அந்தப் பெயருக்குள் வருகிறது. கடலைப் பார்த்தபடி அரைவட்டமாக எழும் குன்றுகள். சுண்ணாம்புக் கல்லும் களிமண்ணும் கலந்த, மழை கண்டால் அரித்துக்கொண்டு ஓடுகிற மண். அதைப் பிடித்து நிறுத்த, எந்தச் சாந்தும் இல்லாமல் கல்மேல் கல் அடுக்கி, படிப்படியாக நிலத்தைச் சமன் செய்திருக்கிறார்கள். அந்தப் படி நிலங்களுக்கு 'ரெஸ்தாங்க்' என்று பெயர். ஒரு மழைக்கு ஒரு சுவர் சரிந்தால், அடுத்த மழைக்குள் அதை எடுத்துக் கட்டியாக வேண்டும். இல்லையென்றால் கீழ்ப்படியும் போய்விடும். வடமேற்கிலிருந்து மிஸ்திரால் என்ற உலர்ந்த காற்று அடித்துக்கொண்டே இருக்கும். வேலை செய்பவனை அது வாட்டி எடுக்கும். ஆனால் மழைக்குப் பின் குலைகளை உலர்த்தி, பூஞ்சணம் பிடிக்காமல் காப்பதும் அதுவே.

இந்த நிலத்தின் சிவப்பு ஒயினுக்கு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கப்பல் வணிகத்தில் நல்ல பெயர் இருந்தது. பாந்தோல் துறைமுகத்தில் பீப்பாய் செய்கிற பட்டறைகள் நிறைந்திருந்தன. பீப்பாயின் மேல் ஊரின் முதல் எழுத்தைச் சூட்டுக்கோலால் பொறித்து அனுப்புவார்கள். மற்ற ஒயின்கள் நீண்ட கடல் பயணத்தில் கெட்டுப் புளித்துப்போன காலம் அது. பாந்தோல் ஒயின் கெடாமல் தாங்கியது. காரணம் மூர்வேத்ர். தடித்த தோலும் சிறிய பழமும் கொண்ட அந்தத் திராட்சையின் சாறு காற்றுப் பட்டுச் சீக்கிரம் கெடாது. இளமையில் முரட்டுத் துவர்ப்பாக இருந்து, ஆண்டுகள் செல்லச் செல்லத் தணிந்து பக்குவப்படும்.

பிறகு பைலோக்ஸெரா வந்தது. அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த திராட்சைச் செடிகளோடு கப்பலேறி வந்த, கண்ணுக்கு அரிதாகவே தெரிகிற ஒரு பேன் பூச்சி அது. ஐரோப்பியத் திராட்சையின் வேரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். செடி சில ஆண்டுகளில் பட்டுப்போகும். பட்ட செடியைப் பிடுங்கிப் பார்த்தால் பூச்சி இருக்காது. உயிருள்ள அடுத்த வேருக்குப் போயிருக்கும். அதனால்தான் காரணம் தெரியாமலே பலர் தோட்டங்களை இழந்தார்கள். 1868ல் மோன்பெலியே பேராசிரியர் பிளான்ஷோனும் அவருடன் சென்ற குழுவினரும், நன்றாக இருந்த செடியின் வேரையும் தோண்டிப் பார்த்துத்தான் பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். அதை ஒழிக்க விவசாயிகள் மண்ணுக்குள் கந்தக மருந்தை ஊசி போட்டார்கள். தோட்டங்களை நீரில் மூழ்கடித்துப் பார்த்தார்கள். 1875ல் 8 கோடி ஹெக்டோலிட்டரைத் தாண்டியிருந்த பிரான்சின் ஒயின் உற்பத்தி, 1889ல் இரண்டரைக் கோடிக்கும் கீழே விழுந்தது.

மருந்து கடைசியில் நோய் வந்த இடத்திலிருந்தே கிடைத்தது. அமெரிக்கத் திராட்சையின் வேரை அந்தப் பூச்சியால் கொல்ல முடியாது. ஆகவே அமெரிக்க வேர்ச்செடியின் மேல் ஐரோப்பியக் குச்சியை, நம் ஊரில் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதுபோல, ஒட்டுக் கட்டினார்கள். பிரான்சின் திராட்சை பிழைத்தது. ஆனால் எல்லா ரகமும் அந்த வேரை ஒரே மாதிரி ஏற்றுக்கொள்ளவில்லை. மூர்வேத்ர் அடம்பிடித்தது. பல இடங்களில் ஒட்டு சேரவில்லை. சேர்ந்தவையும் சரியாகக் காய்க்கவில்லை. கடனில் மூழ்கியிருந்த விவசாயி அந்தச் செடிக்காகக் காத்திருக்க முடியுமா? கொத்துக்கொத்தாகக் காய்க்கும் அராமோன் போன்ற ரகங்களை வைத்தான். லிட்டர் கணக்குக்கு விலை போட்டு மொத்த வியாபாரி வாங்கிப்போனான். பாந்தோல் ஒயின் என்ற பெயர் இப்படித்தான் மெல்ல மெல்லக் காணாமல் போயிற்று. அந்த விவசாயியை நான் குறை சொல்ல மாட்டேன். பசித்த வீட்டில் எடுத்த முடிவு அது.

அதிக விளைச்சல் அவர்களைக் காப்பாற்றவும் இல்லை. பக்கத்து லாங்தோக்கிலும் அன்றைய பிரெஞ்சு அல்ஜீரியாவிலும் ஒயின் வெள்ளமாகப் பெருகியது. வியாபாரிகள் தண்ணீரும் சர்க்கரையும் கலந்து விற்றார்கள். விலை அதலபாதாளத்துக்குப் போனது. 1907ல் லாங்தோக் விவசாயிகள் லட்சக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். நார்போனில் ராணுவம் சுட்டதில் உயிர்கள் போயின. ஒயினுக்குப் பிறந்த ஊர் எது, அதில் என்ன இருக்கிறது என்பதைச் சட்டம் காக்க வேண்டும் என்ற கோரிக்கை அந்த மண்ணில்தான் வலுப்பெற்றது. அதே 1907ல், திராட்சைக்குத் தொடர்பில்லாத சேன் எத்தியேன் என்ற தொழில் நகரத்தில் பிறந்தவர் லூசியன் பெய்ரோ.

அவர் எக்ஸ் நகரில் விவசாயம் படித்தார். சொந்தமாக அவருக்குத் திராட்சை நிலம் கிடையாது. 1936ல் மார்செயைச் சேர்ந்த லூசி தாம்பியேவைத் திருமணம் செய்துகொண்டார். ஊருக்கும் உலகத்துக்கும் பின்னாளில் லூலூ என்று அறிமுகமான பெண்மணி அவர்தான். லூலூவின் தந்தை அல்போன்ஸ் தாம்பியே மார்செயில் தோல் வணிகம் செய்தவர். ல காஸ்தெல்லேக்குக் கீழே சமவெளியில் அவர்களுக்கு ஒரு பண்ணை வீடு இருந்தது. 1834 முதல் தாம்பியே குடும்பத்தின் சொத்து. 1885ல் அதன் ஒயின் தங்கப் பதக்கம் வாங்கியிருந்தது. லூசியன் மருமகனாக வந்தபோது அந்தப் பதக்கத்தின் பெருமை பழங்கதையாகிவிட்டது. தோட்டத்துப் பழத்தைப் பெயரில்லாத ஒயினாக மொத்தமாக விற்றுக்கொண்டிருந்தார்கள்.

மாமனார் ஒரு நாள் மருமகனுக்காக நிலவறையிலிருந்து பழைய புட்டி ஒன்றை எடுத்துத் திறந்தார். பைலோக்ஸெராவுக்கு முந்தைய காலத்தது. மூர்வேத்ரைக் கொண்டு செய்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் இருட்டில் கிடந்த அந்த ஒயின் உயிரோடு இருந்தது. அதைச் சுவைத்த பிறகு லூசியனுக்கு வேறு எண்ணமில்லை. இதே மண்ணில் இப்படி ஒன்று விளைந்திருக்கிறது என்றால், மறுபடியும் விளைவிக்க முடியும். இதுதான் அவருடைய கணக்கு. பழைய பத்திரங்களைத் தேடினார், முதியவர்களை விசாரித்தார், எந்தச் சரிவில் எந்தச் செடி நின்றது என்று குறித்துக்கொண்டார்.

பரம்பரையாக அந்தத் தொழிலில் இருந்தவர்களின் கண்ணில் படாதது, வெளியூரிலிருந்து வந்த மருமகனின் கண்ணில் பட்டதற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். பஞ்சத்தைப் பார்த்த குடும்பங்கள் பழைய பெருமையை நினைக்கவே அஞ்சின. அந்தச் செடியை நம்பி ஏமாந்த நினைவு அவர்களுக்கு இருந்தது. லூசியனுக்கு அந்த அச்சம் இல்லை. கல்வியும் பொறுமையும் இருந்தன.

நல்வாய்ப்பாகச் சட்டமும் அப்போதுதான் பிறந்திருந்தது. 1935ல் பிரான்ஸ் 'அப்பெலாசியோன்' முறையை நாடு முழுவதற்கும் சட்டமாக்கியது. ஓர் ஊரின் பெயரை ஒயினுக்கு இட வேண்டுமானால் எந்த நிலம், எந்த ரகம், எவ்வளவு விளைச்சல், எப்படிச் செய்வது என்று எல்லாமே விதிப்படி இருக்க வேண்டும். 1936ல் அந்தப் பட்டியலில் முதலில் ஏறிய பெயர்களில் பாந்தோலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் காசி என்ற ஊரும் ஒன்று. பாந்தோல் விவசாயிகளும் முயன்றார்கள். லூசியன் போருக்கு அழைக்கப்பட்டு, பிரான்ஸ் தோற்ற 1940ல் ஊர் திரும்பினார். மனைவி, குழந்தைகளோடு பண்ணை வீட்டுக்கே குடிவந்தார். அண்டைத் தோட்டக்காரர்களோடு சேர்ந்து கோரிக்கையைக் கொண்டு சென்றார். 1941 நவம்பர் 11 அன்று பாந்தோல் என்ற பெயர் சட்டப்படி மீண்டது.

அந்தத் தேதியைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நாட்டின் பாதி ஜெர்மானியர் கையில் இருந்த நேரம். சரியாக ஓராண்டு கழித்து, 1942 நவம்பர் 11 அன்று, ஜெர்மன் படை தெற்கிலும் நுழைந்தது. அதே மாதம் 27ஆம் தேதி, எதிரி கையில் சிக்கக்கூடாது என்று, பிரெஞ்சுக் கடற்படை தன் கப்பல்களைத் துலோன் துறைமுகத்தில் தானே மூழ்கடித்தது. பாந்தோலிலிருந்து அது கூப்பிடு தூரம்தான். ரொட்டிக்கே கூப்பன் போட்டிருந்த அந்த நாட்களில், சில ஆண்டுக்குப் பிறகு காய்க்கப்போகும், இன்னும் பல ஆண்டுக்குப் பிறகு நல்ல ஒயின் தரப்போகும் ஒரு செடியை ஒருவர் மண்ணில் ஊன்றிக்கொண்டிருந்தார். இந்த நம்பிக்கையை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நிமிர்கிறது.

1943ல் தொமேன் தாம்பியே என்ற பெயரோடு முதல் புட்டிகள் வெளிவந்தன. அது ரோஸே, வெளிர்சிவப்பு ஒயின். ரோஸே சில மாதங்களிலேயே விற்பனைக்கு வரும். வீட்டுச் செலவுக்குக் காசு புரளும். சிவப்பு அப்படியில்லை. செடி முதிர வேண்டும், பீப்பாயில் கிடக்க வேண்டும். அவர்களுடைய முதல் சிவப்பு 1951ஆம் ஆண்டின் அறுவடையிலிருந்து வந்தது. சட்டப் பெயர் கிடைத்து 10 ஆண்டுகள். அதுவரை அவசரப்பட்டு எதையாவது நிரப்பி அந்தப் பெயரில் விற்க அவர் முனையவில்லை.

மூர்வேத்ரைப் பறித்தவன் என்ற முறையில் அந்தச் செடியைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்லலாம். அது வசந்தத்தில் தாமதமாகத் துளிர்க்கும். இலையுதிர்காலத்தில் தாமதமாகப் பழுக்கும். சென்சோ, கிரெனாஷ் ரகங்கள் கூடைக்கு வந்து முடிந்த பிறகும் அது கருத்துக் கெட்டியாக நின்றுகொண்டிருக்கும். அதற்குள் ஒரு பெருமழை வந்தால் ஆண்டின் உழைப்பு போச்சு. கிளைகள் நேராக மேலே எழுவதால், கம்பி இழுக்காமல் தனித்தனிக் குத்துச்செடியாகக் கவாத்து செய்து வளர்க்கிறார்கள். குளிர்காலத்தில் செய்கிற அந்தக் கவாத்தில்தான் அடுத்த ஆண்டின் தரம் தீர்மானமாகிறது. எத்தனை கண் விடுவது, எதை வெட்டுவது என்று ஒவ்வொரு செடி முன்னாலும் நின்று முடிவெடுக்க வேண்டும். காம்பு முரடு, கத்தரியை அழுத்திப் பிடிக்க வேண்டும். பாரமும் குறைவு, மற்ற ரகத்தில் கூடை நிறைகிற நேரத்தில் இதில் பாதிதான் நிறையும். தலையில் வெயிலும் காலில் ஈரமும் கேட்கிற செடி என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். கடலைப் பார்க்கிற சரிவுதான் அதற்குப் பிடிக்கும். அப்படிப்பட்ட சரிவு எல்லா இடத்திலும் இருக்காது, பாந்தோலில் இருக்கிறது.

இவ்வளவு தொல்லை பிடித்த செடியைத் தன் நிலத்தில் ஒருவர் வைத்துக்கொள்வது அவருடைய விருப்பம். ஊரையே வைக்கச் செய்வதுதான் கடினம். 1945 முதல் 1982 வரை லூசியன் பெய்ரோ பாந்தோல் விளைவிப்போர் சங்கத்தின் தலைவராக இருந்தார். ஒட்டுக்கு ஏற்ற வேர்ச்செடிகள் போருக்குப் பின்தான் சரியாக அமைந்தன. அவை அமைய அமைய, சிவப்பு ஒயினில் இருக்க வேண்டிய மூர்வேத்ரின் குறைந்தபட்ச அளவைச் சங்கம் படிப்படியாகக் கூட்டியது. ஒரே நாளில் பாதி என்று சட்டம் போட்டிருந்தால் சிறு விவசாயி நொடித்திருப்பான். பழைய கொடியைப் பிடுங்கி, நிலத்தை ஆற விட்டு, புதிது வைத்துக் காய்க்கும்வரை அவன் எதைச் சாப்பிடுவான்? அதனால் கால அவகாசம் தந்தார்கள். சிறிய அளவில் தொடங்கிய விகிதம், ஒரு தலைமுறைக் காலம் கழித்து, 1970களில் பாதியைத் தொட்டது. ஒவ்வொரு படிக்கும் கூட்டம், வாதம், சமாதானம் என்று எத்தனை மாலைகள் போயிருக்கும் என்பது ஊர்ச் சங்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்பெலாசியோன்களை நிர்வகிக்கும் தேசிய அமைப்பிலும் லூசியன் அங்கம் வகித்தார். அந்தப் பதவிகளை வைத்து அவர் தன் தோட்டத்துக்கு மட்டும் பெயர் சேர்த்திருக்க முடியும். தன் புட்டியை உயர்த்தி, பக்கத்துத் தோட்டத்தை மட்டம் தட்டியிருந்தால் வியாபாரம் இன்னும் சீக்கிரம் பெருகியிருக்கும். அவர் செய்தது வேறு. எல்லாருக்கும் பொதுவான பெயரை உயர்த்தினார். அதன் விதிகளுக்குத் தன்னை முதலில் உட்படுத்திக்கொண்டார். நான் கூலிக்கு நின்ற மேட்டு நிலத்துப் பெரியவர்கள் அவரைப் பற்றி அப்படிப் பேசியதன் காரணம் இதுதான்.

இந்தக் கதையில் லூலூவுக்குப் பாதி உரியது. 7 குழந்தைகளை வளர்த்தபடி அந்தப் பண்ணை வீட்டை அவர் ஒரு விருந்தில்லமாக்கினார். கடலுக்குப் போய் மீன் வாங்கி வந்து, விறகடுப்பில் செப்புக் கொப்பரை வைத்து, பூயாபேஸ் என்ற மீன் குழம்பு காய்ச்சுவார். வெட்டிய திராட்சைக் குச்சிகளின் தணலில் இறைச்சி வாட்டுவார். சங்கத்து ஆட்கள், வியாபாரிகள், எழுத்தாளர்கள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். துலோனுக்கு அருகே சோலியே தூக்காஸில் வாழ்ந்த அமெரிக்கச் சமையல் எழுத்தாளர் ரிச்சர்ட் ஓல்னி அந்த வீட்டின் நண்பரானார். லூலூவின் சமையலைப் பற்றி அவர் எழுதிய நூல் 1994ல் வந்தது. கலிபோர்னியாவில் ஒயின் கடை வைத்திருந்த கெர்மிட் லிஞ்சை அந்த வீட்டுக்கு அழைத்துவந்தவரும் ஓல்னியே. 1970களில் லிஞ்ச் தாம்பியே ஒயினை அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்யத் தொடங்கினார். அதே கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஷே பனிஸ் உணவகத்தை நடத்திய ஆலிஸ் வாட்டர்ஸும் அந்த மேசையில் விருந்துண்டவர். ஒரு குக்கிராமத்துப் பண்ணையின் பெயர் பசிபிக் கரைவரை போனது ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையின் வழியாகத்தான்.

1970களின் நடுவில் லூசியன் தோட்டப் பொறுப்பை மகன்களிடம் கொடுத்தார். ஜான் மாரி ஒயின் தயாரிப்பைப் பார்த்துக்கொண்டார்; பிரான்சுவா நிலத்தைப் பார்த்துக்கொண்டார். லா மிகுவா, லா தூர்தீன், கபாசு என்று சில சரிவுகளின் ஒயினைத் தனித்தனியே புட்டியில் அடைத்ததும் அந்தத் தலைமுறையில்தான். மூன்றும் ஒரே வீட்டின் கை. ஆனால் மேடான மிகுவாவின் ஒயின் ஒருவிதம், காற்று படாத மடியில் கிடக்கும் கபாசுவின் ஒயின் வேறுவிதம். கபாசு ஏறக்குறைய முழுக்க மூர்வேத்ர். தந்தை நட்டதன் பலன் அங்கே முழுமையாகத் தெரிகிறது. 2000ல் குடும்பத்துக்கு வெளியிலிருந்து தானியேல் ரவியே என்ற வேளாண் வல்லுநர் நிர்வாகத்துக்கு வந்தார். லூலூ 2020 அக்டோபரில், 102ஆம் வயதில் மறைந்தார்.

இன்று பாந்தோலுக்கு வேறு நெருக்கடி. கோடையில் உல்லாசப் பயணிகள் கேட்பது குளிர்ந்த ரோஸே. இப்போது பாந்தோல் உற்பத்தியின் பெரும்பகுதி அதுதான். சீக்கிரம் விற்கும், சீக்கிரம் பணம் வரும். நான் அதைத் தவறென்று சொல்லவில்லை. லூசியனின் வீட்டையும் முதலில் காப்பாற்றியது ரோஸேதான். ஆனால் அந்த வீடு ரோஸேயில் வந்த காசைக் கொண்டு சிவப்புக்காகக் காத்திருந்தது. காத்திருப்பதை நிறுத்திவிட்டு ரோஸேயை மட்டும் வைத்துக்கொண்டால், பைலோக்ஸெராவுக்குப் பின் அராமோனை நட்ட கதையேதான் மறுபடி நடக்கும். கடல் தெரிகிற மனைக்குக் கிடைக்கிற விலையோ எந்தத் திராட்சைக்கும் கிடைக்காது. சரிந்த ரெஸ்தாங்க் சுவரை எடுத்துக் கட்டக் கல் அடுக்கத் தெரிந்தவர்களும் குறைந்துவருகிறார்கள்.

ஓர் ஊரின் பெயருக்கு மதிப்பு அந்த ஊர்க்காரர்கள் எதை வேண்டாம் என்று விட்டார்களோ அதிலிருந்து வருகிறது. பாந்தோல் விவசாயிகள் அதிக விளைச்சலை விட்டார்கள், இயந்திரத்தை விட்டார்கள், உடனடிக் காசை விட்டார்கள். விடலாம் என்று அவர்களை நம்பவைத்தவர், தான் முதலில் விட்டுக்காட்டிய லூசியன் பெய்ரோ. உங்கள் ஊரிலும் கைவிடப்பட்ட ஒரு பயிரோ கைத்தொழிலோ இருந்தால், அதைத் தனியாக மீட்டுத் தனியாக விற்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டு, இருவருக்கும் பொதுவான விதியை எழுதி, அதற்கு நீங்கள் முதலில் கட்டுப்படுங்கள்.